மேரி கோமா, நிகத் ஜரீனா? பதக்கப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

ஒருத்தர் உலக சாம்பியன்ஷிப்பில் 6 தங்கம் வாங்கியவர். இன்னொருத்தர் 2 தங்கம். "இதுல ஒப்பிட என்ன இருக்கு? ஆறு பெருசா, ரெண்டு பெருசா?" என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால் இந்திய மகளிர் குத்துச்சண்டை பற்றிப் பேச்சு வந்தாலே மேரி கோம், நிகத் ஜரீன் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிற வழக்கம் சில வருடங்களாகவே இருக்கிறது. சமூக வலைதளங்களில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதும் நடக்கிறது.

இருவரின் சாதனைக் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும்? பதக்க எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம்: 50-0 கணக்கு இங்கே கிடையாது

குத்துச்சண்டை வீரர்களின் சாதனை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதரின் 50-0. ஐம்பது போட்டி, ஐம்பதும் வெற்றி. முகமது அலி 61 தொழில்முறைப் போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி. தொழில்முறை குத்துச்சண்டையில் ஒரு வீரரின் ஜாதகமே இந்த எண்கள்தான்.

மேரியும் நிகத்தும் ஆடியது அந்த ஆட்டம் இல்லை. இவர்களுடையது ஒலிம்பிக் பாணி குத்துச்சண்டை. தலா 3 நிமிடம், மொத்தம் 3 ரவுண்டு. ஒரே தொடரில் பத்து, பன்னிரண்டு நாளுக்குள் ஐந்தாறு பேரோடு மோத வேண்டியிருக்கும். 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பார்த்த மாதிரி எதிராளியைச் சாய்த்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் 5 நடுவர்களில் பெரும்பான்மையினர் யாருக்குப் புள்ளி கொடுத்தார்களோ அவர் ஜெயித்தார். செய்திகளில் வரும் 5-0, 4-1, 3-2 எல்லாம் குத்துகளின் எண்ணிக்கை இல்லை, நடுவர்களின் எண்ணிக்கை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மேரி 19-14 என்று ஜெயித்ததாகப் படித்திருப்பீர்கள். அது பழைய முறை. அப்போது நடுவர்கள் குத்து விழ விழ பட்டனை அழுத்துவார்கள், கணினி கூட்டும். மகளிருக்கு 2 நிமிட ரவுண்டுகள் நான்கு. 2013-க்குப் பிறகு அந்த முறையே போய்விட்டது. எனவே மேரியின் 19-14 பெரிய வெற்றியா, நிகத்தின் 5-0 பெரிய வெற்றியா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

மேரியின் கணக்கு

மணிப்பூரின் சுராசந்த்பூர் மாவட்டம், காங்கதேய் கிராமம். விவசாயக் கூலிக் குடும்பம். முதலில் தடகளத்தில்தான் ஆர்வம். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர்க்காரர் டிங்கோ சிங் தங்கம் வென்றதும், ஊரே குத்துச்சண்டைப் பக்கம் திரும்பியது. மேரியும் திரும்பினார்.

உலக சாம்பியன்ஷிப்பில் அவர் வாங்கிய பதக்கங்களை எடையோடு சேர்த்துப் பாருங்கள். எடையை ஏன் சேர்க்கச் சொல்கிறோம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

2001 ஸ்க்ரான்டன், அமெரிக்கா: வெள்ளி, 48 கிலோ
2002 அன்டால்யா, துருக்கி: தங்கம், 45 கிலோ
2005 போடோல்ஸ்க், ரஷ்யா: தங்கம், 46 கிலோ
2006 டெல்லி: தங்கம், 46 கிலோ
2008 நிங்போ, சீனா: தங்கம், 46 கிலோ
2010 பிரிட்ஜ்டவுன், பார்படாஸ்: தங்கம், 48 கிலோ
2018 டெல்லி: தங்கம், 48 கிலோ
2019 உலன்-உடே, ரஷ்யா: வெண்கலம், 51 கிலோ

மொத்தம் 8 பதக்கம். ஆண், பெண் யாரை எடுத்துக்கொண்டாலும் உலக சாம்பியன்ஷிப்பில் இதற்கு மேல் பதக்கம் வாங்கியவர் கிடையாது. கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன் 6 தங்கம், 1 வெள்ளி என 7-ல் நின்றார்.

2006-க்கும் 2008-க்கும் நடுவில் பட்டியலில் தெரியாத ஒன்று இருக்கிறது. 2007-ல் மேரிக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. திரும்பி வந்து, 2006 இறுதியில் தோற்கடித்த அதே ருமேனியாவின் ஸ்டெலுட்டா டூட்டாவை 2008 இறுதியிலும் தோற்கடித்தார். 2010 இறுதியிலும் அவரேதான். பாவம் டூட்டா!

இதுபோக லண்டன் ஒலிம்பிக் வெண்கலம், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம், 2010 குவாங்சோவில் வெண்கலம், 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் தங்கம், ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5 தங்கம். பத்ம விபூஷண், கேல் ரத்னா என்று விருதுப் பட்டியல் தனி.

நிகத்தின் கணக்கு

மேரி முதல் உலகத் தங்கம் வாங்கியபோது தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் நிகத்துக்கு வயது 6. ஒன்பது வருடம் கழித்து, 2011-ல், நிகத்தும் இளையோர் பிரிவில் உலகத் தங்கம் வாங்கினார். எந்த ஊரில் தெரியுமா? அதே அன்டால்யா.

அதன்பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இளையோர் சாம்பியன்கள் பெரியவர்கள் பிரிவுக்கு வரும்போது காணாமல் போவது எல்லா விளையாட்டிலும் நடப்பது. நிகத் விஷயத்தில் 2017-ல் தோள்பட்டைக் காயம் வேறு சேர்ந்துகொண்டது. அவருடைய எடைப் பிரிவில் மேரி கோம் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நாட்டுக்கு ஒரு எடையில் ஒருவர்தான் போக முடியும்.

2019 ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். பிறகு 2022 மே 19, இஸ்தான்புல். 52 கிலோ இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் ஜிட்பாங் ஜுடாமாஸை 5-0 என வென்று உலக சாம்பியன். மேரி, சரிதா தேவி, ஜென்னி, லேகா ஆகியோருக்குப் பிறகு இந்தப் பட்டம் வென்ற ஐந்தாவது இந்தியப் பெண். அதே ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோவில் தங்கம். 2023 மார்ச்சில் டெல்லி உலக சாம்பியன்ஷிப்பில் 50 கிலோவில் மீண்டும் தங்கம். மேரிக்கு அடுத்து ஒன்றுக்கு மேல் உலகத் தங்கம் வைத்திருக்கும் ஒரே இந்தியப் பெண் நிகத்தான்.

2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டாவது போட்டியிலேயே வெளியேற்றம். 2025 லிவர்பூல் உலக சாம்பியன்ஷிப்பில் காலிறுதியோடு முடிந்தது.

இங்கேதான் எடை வருகிறது

ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். '55 கிலோ எடைப் பிரிவு', '65 கிலோ எடைப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நாட்றாம்பாளையத்தில் ஆடினாலும் சரி, ஓசூரில் ஆடினாலும் சரி, 55 கிலோ டீமில் கொடிகட்டிப் பறக்கிற பையனை 65 கிலோ டீமில் இறக்கினால் என்ன ஆகும் என்று கபடி பார்க்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேரியின் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள். ஆறு தங்கமும் 45, 46, 48 கிலோவில் வந்தவை. 51 கிலோவில் உலகத் தங்கம் ஒன்றுகூட இல்லை. 2012 உலக சாம்பியன்ஷிப்பில் 51 கிலோவில் காலிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோல்வி. 2016-ல் இரண்டாவது சுற்றிலேயே தோல்வி, ரியோ ஒலிம்பிக் கனவும் அதோடு போனது. 2019-ல் வெண்கலம்.

அப்படியானால் 48-லேயே இருந்திருக்கலாமே? இருக்க முடியாது. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே கிடையாது. மகளிர் குத்துச்சண்டையைச் சேர்க்க சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்ததே 2009-ல்தான். அதற்குள் மேரி நான்கு உலகத் தங்கம் வாங்கியிருந்தார். 2012-ல் பெண்களுக்குக் கொடுத்தது மொத்தம் மூன்றே பிரிவு: 51, 60, 75. இவற்றில் மிகக் குறைந்தது 51. 48 கிலோ உடம்புக்கு 3 கிலோ என்பது 6 சதவீதத்துக்கும் மேல். எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் மேலே இருந்து எடையைக் குறைத்துக்கொண்டு 51-க்கு வருபவர்கள். உயரம், கை நீளம் இரண்டும் அவர்கள் பக்கம்.

அந்த 51-ல் மேரி வாங்கிய ஒலிம்பிக் வெண்கலத்தையும் 2014 ஆசியத் தங்கத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். சொல்லப்போனால், எண்ணிக்கையில் ஆறு தங்கம் பெரிதாகத் தெரிந்தாலும், அவருடைய கடினமான பதக்கம் லண்டன் வெண்கலம்தான் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. நிகத்துக்கு இந்தப் பிரச்னை இல்லை. 50, 51, 52 எல்லாமே அவருடைய இயல்பான எடைக்கு அருகில் இருப்பவை.

எத்தனை பேரைத் தாண்டி வந்தார்கள்?

முதல் மகளிர் உலக சாம்பியன்ஷிப் நடந்ததே 2001-ல்தான். பல நாடுகளில் பெண்கள் குத்துச்சண்டைக்கு அமைப்பே இல்லாத காலம் அது. ஒலிம்பிக் வாய்ப்பு இல்லாத விளையாட்டுக்கு அரசுகள் காசு செலவழிக்காது. 2012-க்குப் பிறகு நிலைமை மாறியது. 2022, 2023 உலக சாம்பியன்ஷிப்களில் 300-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 2023 டெல்லியில் தங்கத்துக்கு நிகத் 6 போட்டிகளில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

"அப்போ நிகத்தோட ரெண்டு தங்கம்தான் வெயிட்டு" என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. 2023 டெல்லி போட்டியை அமெரிக்கா, அயர்லாந்து உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்தன. ரஷ்யா, பெலாரஸ் வீரர்களை அனுமதித்ததுதான் காரணம். ஆக, கூட்டம் பெரிது, ஆனால் முழுக் கூட்டம் இல்லை.

லண்டன் ஒலிம்பிக்கிலும் இதேபோல ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது ஒரு பிரிவுக்கு 12 பேர்தான். மேரி இரண்டு போட்டி ஜெயித்ததும் அரையிறுதி. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு என்பதால் பதக்கம் உறுதி. பாரிஸில் நிகத் பதக்கத்தைத் தொட மூன்று வெற்றி தேவைப்பட்டது. ஒன்றோடு நின்றுவிட்டார். தரவரிசை இடம் இல்லாமல் இறங்கியதால் இரண்டாவது போட்டியிலேயே சீனாவின் வூ யூ எதிரில் வந்தார். 0-5. அந்த வூ யூதான் பிறகு தங்கம் வாங்கினார்.

இருவரும் மோதிய ஒரே எதிரிகள்

இரண்டு பேர் பட்டியலிலும் சில பெயர்கள் பொதுவாக வருகின்றன. ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா, 2016 ரியோவில் வெண்கலம் வென்றவர். 2019 உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் அவரை மேரி 5-0 என வென்றார். 2021 ஜூலை 29-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடியும் மோதல். முதல் ரவுண்டு வலென்சியாவுக்கு 4-1. அடுத்த இரண்டு ரவுண்டும் மேரிக்கு 3-2. "அப்போ மேரிதானே ஜெயிச்சாங்க?" என்றுதான் வீட்டில் டிவி பார்த்தவர்கள் கேட்டார்கள். இல்லை. ஒவ்வொரு நடுவரும் மூன்று ரவுண்டையும் தனித்தனியாகக் கூட்டுவார். அப்படிக் கூட்டியபோது மூன்று நடுவர்கள் வலென்சியா பக்கம். 2-3 தோல்வி. தோற்றது தெரியாமலே ரிங்கை விட்டு இறங்கியதாக மேரியே பிறகு சொன்னார். அதே வலென்சியாவை 2023 டெல்லி அரையிறுதியில் நிகத் 5-0 என வென்றார்.

அடுத்தவர் துருக்கியின் புஸெனாஸ் சாகிரோக்லு. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் வெள்ளி. 2019 உலக அரையிறுதியில் மேரியை 4-1 என வீழ்த்தியவர். 2022 பிப்ரவரியில் பல்கேரியாவின் ஸ்ட்ராண்ட்ஜா போட்டியில் நிகத் இவரை 4-1 என வென்றதுதான், மூன்று மாதத்தில் வரப்போகும் உலகப் பட்டத்துக்கான முதல் அறிகுறி. ஆனால் 2025 லிவர்பூல் காலிறுதியில் நிகத்தை 0-5 என வெளியேற்றியதும் இவரேதான்.

இந்த இரண்டு பெயர்களையும் வைத்துப் பார்த்தால், 51 கிலோவைச் சுற்றிய எடையில் நிகத்தின் உச்சம் மேரியின் கடைசிக் காலத்தைவிட ஒரு படி மேலே தெரிகிறது. ஆனால் கவனிக்க: நாம் ஒப்பிடுவது 26 வயது நிகத்தையும் 36 வயதைத் தாண்டிய மேரியையும். 2006-ன் மேரி 2022-ன் நிகத்தோடு மோதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பதில் கிடையாது.

நேருக்கு நேர்: 2019-ல் என்ன நடந்தது?

சண்டை என்றாலே எல்லோரும் பேசுவது இதைத்தான்.

2019 மே மாதம் கவுகாத்தியில் நடந்த இந்தியா ஓபன் அரையிறுதியில் நிகத்தை மேரி 4-1 என வென்றார். ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப்புக்கு ஆள் எடுத்தபோது, 51 கிலோவுக்குத் தகுதிப் போட்டி நடத்தாமல் மேரியை நேரடியாகத் தேர்வு செய்தது இந்திய குத்துச்சண்டை சம்மேளனம். உலகப் போட்டியில் மேரி வெண்கலத்தோடு திரும்பினார். ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குத் தங்கமோ வெள்ளியோ வென்றால்தான் நேரடி இடம் என்பது அப்போது சொல்லப்பட்ட விதி. ஆனாலும் மேரியை நேரடியாகவே அனுப்பலாம் என்ற பேச்சு கிளம்பியது.

அப்போது 23 வயது நிகத், அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது இடம் அல்ல, ஒரு தகுதிப் போட்டி. சிறுவயதிலிருந்து மேரியைப் பார்த்து வளர்ந்தவள் என்பதையும் அதிலேயே எழுதியிருந்தார். மேரியோ, யார் இந்த நிகத் ஜரீன் என்கிற தொனியில் கேட்டது தேசிய அளவில் தலைப்புச் செய்தியானது.

2019 டிசம்பர் 28, டெல்லி. தகுதிப் போட்டி நடந்தது. மேரி 9-1 என வென்றார். முடிந்ததும் கைகொடுக்க வந்த நிகத்திடம் மேரி கைகொடுக்கவில்லை. அந்தக் காட்சிதான் இன்றுவரை வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்கோர் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

தேர்வு என்கிற விஷயத்தில் நிகத் கேட்டது நியாயமான ஒன்று. மேரி ஜெயித்தார் என்பதால் அந்தக் கோரிக்கை தப்பாகிவிடாது. தகுதிப் போட்டி நடந்ததால்தான் மேரி டோக்கியோ சென்றபோது யாரும் கேள்வி கேட்க முடியவில்லை.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 2023 உலக சாம்பியன்ஷிப்புக்கு சம்மேளனம் தகுதிப் போட்டியையே எடுத்துவிட்டு, பயிற்சி முகாமில் மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. எங்களுக்கும் போட்டி வையுங்கள் என்று மூன்று வீராங்கனைகள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. அந்த முறையில் டெல்லியில் ஆடிய அணியில் நிகத்தும் இருந்தார். நான்கு வருடத்துக்கு முன் அவர் நின்ற இடத்தில் இப்போது வேறு மூவர்.

மேரிக்கும் வரிசை அப்படித்தான் முடிந்தது. 2022 ஜூனில் காமன்வெல்த் தகுதிப் போட்டிக்காகத் தன் பழைய 48 கிலோவுக்கே திரும்பியவர், ஹரியானாவின் நீதுவோடு மோதும்போது முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த நீது காமன்வெல்த் தங்கமும், அடுத்த ஆண்டு 48 கிலோ உலகத் தங்கமும் வாங்கினார்.

சரி, யார் டாப்?

மொத்தக் கணக்கு, நீடித்த காலம், ஒலிம்பிக் பதக்கம் மூன்றிலும் மேரி. முதல் உலகப் பதக்கத்துக்கும் கடைசிப் பதக்கத்துக்கும் இடையே 18 வருடம். இதை நிகத் எட்டுவது கஷ்டம். நேரடி மோதலிலும் நாம் மேலே பார்த்த இரண்டும் மேரி பக்கம்தான்.

ஒலிம்பிக்கை ஒட்டிய எடையில் உலக சாம்பியன் ஆனது என்று பார்த்தால் நிகத். ஆறு உலகத் தங்கம் வைத்திருக்கும் மேரியிடம் இல்லாத ஒன்று அது. கூட்டம் நிறைந்த காலத்தில், அடுத்தடுத்த இரண்டு உலகப் போட்டிகளில் வந்த தங்கங்கள் அவை.

ஒலிம்பிக் பதக்கம் இல்லாதது மட்டும்தான் நிகத்தின் பட்டியலில் பெரிய ஓட்டை. பாரிஸுக்குப் பிறகு அவருக்கு தெலங்கானா காவல் துறையில் டிஎஸ்பி பொறுப்பு கிடைத்தது. 2025 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதித் தொடரில் 51 கிலோவில் தங்கம் வென்றார்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 7 எடைப் பிரிவுகள். மிகக் குறைந்தது மறுபடியும் 51 கிலோ. அப்போது நிகத்துக்கு 32 வயது. 48 கிலோக்காரர்களுக்கு இந்த முறையும் இடம் இல்லை.